கவசத்தின் வலப்பக்கம்

துபாய்
9.2.1999

அன்புள்ள ரசியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் நம் மகள் சனாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

கடை முதலாளி எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார். சுண்டுவிரல் உயரத்தில் ஈயப் போர்வீரர்கள் விற்பனைக்கு வந்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களே வர்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும். மாதிரிக்கு ஒன்றைத் தீட்டிக் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டுமாம். தலை முதல் கால் வரை கறுப்புக் கவசம் போட்டவன் என் பங்குக்கு வந்தான். வெறும் கறுப்பை அடித்தால் கரிக்கட்டையாக நிற்கிறான். தோளும் முழங்காலும் தெரியவில்லை. ஓரமெல்லாம் வெள்ளை கலந்து கோடு இழுத்தேன். சாம்பலில் புரண்டவன் போல ஆகிவிட்டான்.

அப்போதுதான் உன் தையல் மிஷின் ஞாபகம் வந்தது. அதுவும் கறுப்புதானே, எப்படிப் பளபளக்கும். காலையில் நீ தைப்பாய். எதிரே நாற்காலியில் நான் பேப்பரை விரித்துக்கொண்டு உன்னைப் பார்ப்பேன். பேப்பர் தலைகீழாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாயே. காலை வெயிலில் மிஷினில் எங்கெங்கே மினுங்குகிறது என்று பார்த்து எழுது.

பக்ரீத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. கோபிக்காதே.

உன் சுபஹான்


கோவில்பட்டி
24.2.1999

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் போய் ஐந்து வருஷம். வருகிறேன் என்று சொல்லி வராமல் போவது இது மூன்றாம் தடவை. சனா முன்பல் விழுந்து நிற்கிறாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, மிஷினைக் கேட்கிறீர்கள். நல்ல ஆள்.

ஆனாலும் புதியம்புத்தூர் கம்பெனிக்குத் தைக்கிற துணியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். மிஷின் கழுத்து வளைவில் நூல் கனத்துக்கு ஒரு கோடு. சக்கர விளிம்பில் ஒரு பிறை. அவ்வளவுதான், மற்றதெல்லாம் சுத்தக் கறுப்பு. அந்தக் கோடும் வெள்ளை இல்லை. மழை விட்டதும் உழுத கரிசல் கட்டி மினுங்குமே, அந்த நீலம். நீங்கள் எல்லா ஓரத்திலும் இழுத்திருக்கிறீர்கள். ஜன்னல் ஒரு பக்கம்தானே இருக்கிறது.

அண்ணன் வந்திருந்தார். "ஏட்டி, இன்னும் எத்தன வருசம் இங்கன ஒத்தையில கெடப்ப?" என்று சத்தம் போட்டார். சனாவுக்குப் பரீட்சை முடிந்ததும் வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டுத் தன்னோடு நாகலாபுரத்துக்கே வரச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரசியா


துபாய்
2.4.1999

அன்புள்ள ரசியாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். கறுப்போடு நீலமும் துளிச் சாம்பல் நிறமும் கலந்து, நாலு முடி பிரஷ்ஷால் தோளில் ஒரு கோடு, தலைக்கவச விளிம்பில் ஒரு பிறை. மற்ற இடத்தைத் தொடவில்லை. கையை அடக்குவதுதான் கஷ்டம். இப்போது இரும்பு இரும்பாகத் தெரிகிறது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். இதோடு போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

லீவு கேட்டேன், பார்க்கலாம் என்கிறார். அண்ணன் சொன்னதற்கு இங்கே இருந்துகொண்டு நான் என்ன சொல்ல? உன் இஷ்டம்.

சனாவுக்கு முத்தம்.

சுபஹான்


கோவில்பட்டி
14.4.1999

மச்சானுக்கு,

போட்டோ வந்தது. பார்க்கிறவருக்கு வலப்பக்கமாகக் கவசத்தில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. என் ஜன்னல் இடப்பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து இடது கன்னத்தில் வெயில் வாங்கித்தான் தைக்கிறேன். எந்தப் பக்கம் என்று நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். தெரியவில்லை.

வீடே மறந்துபோனவருக்காக நான் ஏன் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேன் கொண்டுவருகிறார். இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

ரசியா


கோவில்பட்டி
18.4.1999

என் மச்சானுக்கு,

புதன்கிழமை ஒரு கடிதம் போட்டேன். இரண்டும் சேர்ந்து வந்தால் இதை முதலில் படியுங்கள். அது முந்தி வந்திருந்தால் கிழித்துப் போடுங்கள்.

காலையில் சாமான் கட்டினோம். பாத்திர மூட்டைக்கு முடிச்சுப் போட வேறு இடமில்லாமல் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. நிமிர்ந்தால் எதிரே மிஷின். ஜன்னல் என் வலது கைப் பக்கம் இருந்தது.

மூட்டையை விட்டுவிட்டு அழுதேன். சனா போட்டோவை எடுத்துவந்து, என் மடியில் உட்கார்ந்து, மிஷினுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "அத்தா சரியாத்தாம்மா வரஞ்சிருக்காவ" என்றாள்.

வேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அண்ணன் திட்டிக்கொண்டே போனார். மூட்டைகளை அவிழ்த்தாயிற்று.

ஆனால் மச்சான், நீங்கள் ஞாபகம் வைத்திருப்பது மட்டும் எனக்குப் போதாது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்து அந்த நாற்காலியில் உட்காருங்கள். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உங்கள் ரசியா