விழுந்தால் கூப்பிடும்

மார்ச் 4
ஆஸ்பத்திரியில் கொடுத்த கைப்பட்டையின் விளக்கப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்ததாக வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். உண்மையில் எழுத்துக்கூட்டி நாலு பக்கம், மூன்று சாயங்காலம்.

மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: பட்டை கட்டியவர் விழுந்தால் குடும்பத்தாரின் போனுக்கு அழைப்பு போகும். இவருக்குத் திடீர் திடீரென்று மயக்கம் வருகிற வியாதி. வேறென்ன வேண்டும்?

"கல்யாணத்துக்கு நீங்க எனக்கு வளையல் போடல. பாருங்க, உங்களுக்கு நான் போடுறேன்" என்றேன். மகாராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

மார்ச் 6
நான் ஆபீஸ் பெருக்கித் துடைக்கப் போகும்போது அவருக்குத் துணை நாத்தனார்தான்.

"அண்ணி, நெசமாவே கூப்பிடுமா?"

"அச்சடிச்சே குடுத்திருக்கான். போ, போய் உன் புருஷனைக் கவனி. இனிமே வராதே."

மார்ச் 11
ஆபீஸில் போன் இடுப்பிலேயே இருந்தது. அடிக்கவேயில்லை. நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சு —

வீட்டுக்கு வந்து பார்த்தால், குளியலறை வாசலில் கிடந்தார். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. பட்டையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மார்ச் 13
எழுத ஓடவில்லை.

மார்ச் 24
புத்தகம் எழுதிய பெண் வீடு தேடி வந்தாள். என் மகள் வயசு. விழுந்தால் கூப்பிடுகிற வசதியைக் கம்ப்யூட்டரில் செய்கிறவர்கள் சீக்கிரம் முடித்துவிடுவதாகச் சொன்னார்களாம். திரும்ப அச்சடிக்க வேண்டாமே என்று புத்தகத்தில் முன்கூட்டியே சேர்த்துவிட்டாளாம்.

"உலையே வைக்கல, அதுக்குள்ள சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டியாம்மா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தேன். இது இன்னும் வேலை செய்யாது என்று ஒரு வரி — ஒரே ஒரு வரி — இருந்திருந்தா நான் நாத்தனாரை வராதேன்னு சொல்லியிருப்பேனா? அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஏப்ரல் 9
அந்தப் பெண் புதுப் பக்கத்தோடு வந்தாள். அடியில் பொடி எழுத்து: சில வசதிகள் விரைவில் வரும்.

"எது சில? விரைவுன்னா எப்போ? இதைப் படிச்சிருந்தாலும் நான் வேலைக்குத்தான் போயிருப்பேன்."

"அப்போ மொத்தமா எடுத்துடவாக்கா?"

"எடுத்தா, முன்னாடி படிச்சவங்க இருக்குன்னே நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. எங்க பொய் சொன்னியோ அங்கேயே எழுது. பெருசா."

எழுதிப் படித்துக் காட்டினாள்: 'விழுந்தால் இது கூப்பிடாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.'

உள்ளறையில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வரி காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை.

பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். "வரேன்க்கா" என்று கிளம்பிப் போனாள்.

அப்புறம் அதே டீயை எனக்கும் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறேன்.