வீட்டில் இல்லை என்று சொன்னவள்

மெதேயா
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் வஸீலாவுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் என் மார்பைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த மொன்ட்ரியல் பனியில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் பேசினால் உன் உம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்கிறாள், அதனால்தான் காகிதம்.

எங்கள் சிமெண்ட் ஆலையில் ஒரு சூளையை நிறுத்தப்போகிறார்கள், ஆட்குறைப்பு நிச்சயம். வெளியே அனுப்பப்படுகிறவர்களுக்கு வேலையில்லாக் கால உதவித்தொகை உண்டு, அதுவரை எனக்கு மருத்துவ விடுப்புப் பணம் வருகிறது. ஆனால் விடுப்பு பொய் என்று காப்பீட்டு அலுவலகம் எழுதிவிட்டால் இரண்டும் போய்விடும், ஏமாற்றி நீக்கப்பட்டவனுக்கு யாரும் எதுவும் தரமாட்டார்கள். நோயாளி வீட்டில்தான் கிடக்கிறானா என்று பார்க்கத் திடீரென்று ஆள் வரும், உன் உம்மாவிடம் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

போன வாரம் மதியம் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். கறுப்புச் சட்டை, தெருவில் அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்த கார், என் முழுப் பெயரைச் சொல்லி இருக்கிறாரா என்று கேட்டான். அவ்வளவுதான், உன் உம்மா, "அவரா? ஓரான் போயி மாசக்கணக்காச்சு, எப்ப வருவாருன்னு யாருக்குத் தெரியும்" என்றாள். எதிர்க்கடையிலிருந்து நாவிதர் ரபாஹ், யாரும் கேட்காமலே, "அவரு பஸ் ஏறினத நானே பாத்தேன்" என்று சாட்சி சொன்னார். அந்தக் கெட்ட வருஷங்களில், துப்பாக்கியோடு பெயர் சொல்லிக் கேட்டு வந்தவர்களுக்கு நம் தெரு முழுக்கச் சொன்ன பதில் அது, உனக்கு நினைவிருக்கும். உன் சித்தப்பா வீட்டில் மட்டும்தான், "சாப்பிட்டுட்டு இருக்காரு, உள்ள வாங்க" என்று உண்மையைச் சொன்னார்கள், கூட்டிப்போனவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. நீயே தாயாகிவிட்டாய், அத்தனை காலம் போயும் எங்கள் வாய் அந்தப் பதிலை மறக்கவில்லை. அவளை மட்டும் என்ன சொல்ல, உள்ளே நான் என்ன செய்தேன் தெரியுமா, தலையணையைக் கடித்துக்கொண்டு இருமலை அடக்கினேன். என் இருமலைக் கேட்க வந்தவனுக்குக் கேட்கக்கூடாது என்று கண்ணில் நீர் வர அடக்கினேன். வந்தவன் விடுப்பைச் சோதிக்க வந்த ஆள் என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோதுதான் தெரிந்தது.

போனோம். நடைவழியிலேயே உன் உம்மா, "பொய் சொன்னவ நான், என்னைப் புடிங்க, அந்த மனுஷன் பேர அடிக்காதீங்க" என்று சத்தம் போட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், காவலாளி அவளை வெளியிலேயே நிறுத்திவிட்டான். உள்ளே அலுவலக மருத்துவர், நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிறவர், "என்ன ஹாஜி, ஓரான்ல கடல் காத்து நல்லா இருந்துச்சா" என்று ஆரம்பித்தார். நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் குழாயை வைத்தார். மூச்சு இழுக்கச் சொன்னார். கொஞ்சம் கீழே நகர்த்தி மறுபடி இழுக்கச் சொன்னார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு அவர் ஓரானைப் பற்றிக் கேட்கவே இல்லை மகளே. நான் கேட்காமலே நீண்டகால நோய் விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டார், சட்டைப் பொத்தானைப் போட உதவினார், எழுந்து என் முழங்கையைப் பிடித்துக் கதவு வரை வந்து விட்டார். அந்த அலுவலகத்தில் யாரும் யாருக்காகவும் எழுந்ததை நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

உன் உம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வழக்கைத் தானே ஜெயித்ததாக நினைப்பு, எண்ணெய்ப் பலகாரம் சுட்டு ரபாஹ் கடைக்கும் கொடுத்தனுப்பினாள், நானும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டேன். அவளிடம் எதையும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. கோடை விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாயே, கோடை வரை வைக்காதே. பேரனையும் கூட்டி வா, அவனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, மாப்பிள்ளையிடம் சண்டை போடாதே.

அல்லாஹ் உன் வீட்டு வாசலுக்கு நல்லவர்களை மட்டும் அனுப்பட்டும், உன் குழந்தை எந்தக் கதவுச் சத்தத்துக்கும் பயப்படாமல் வளரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. என்றைக்காவது நீ போன் செய்து, உன் உம்மா நான் இல்லை என்று சொன்னால், உடனே நம்பிவிடாதே. அவள் அதில் கைதேர்ந்தவள். இன்னொரு முறை கேள்.

துஆக்களுடன்
உன் வாப்பா
பூஸீத்