நைட்டிக்குப் பாக்கெட் வைத்தவளுக்கு

போன வாரம் ஒரு மத்தியானம், சோறு வடித்துவிட்டுத் திரும்பும்போது, உன் பீரோவின் கதவிடுக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது. பூஞ்சை. நனைந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால் வருமே, அது. எனக்குத் தெரியாத வாசனை இல்லை. மூடிய இடத்துக்குள் ஈரம் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. துறைமுகத்துப் பக்கம் குளிர்பதன அறைகளுக்குள் நுழைந்ததுமே, மீட்டரை எடுக்காமல், மூக்கை வைத்துச் சொல்லிவிடுவேன். கர்க்கடக மாசத்து அடைமழையில் ஒரு இரும்பு பீரோவைத் திறக்காமல் வைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திறக்கவில்லை. எலிக்காய்ச்சலோடு உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து சாவி ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது.

அந்த நேரம் பார்த்துச் செல்வி வந்தாள். எதிர்வரிசைச் செல்விதான், கொச்சங்காடிக் கிடங்கில் சுக்கு பொறுக்குகிறவள், உன் ஞாயிற்றுக்கிழமைத் துணி மாற்றும் கூட்டத்துக்குக் கடைசியாக வந்து கதவோரமாகவே நிற்கிறவள். அன்றும் கதவோரமாகத்தான் நின்றாள். சாயம் போன நைட்டி, தோளில் தோர்த்துத் துண்டு.

“அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“என்னோட பச்சை குர்த்தி அக்கா கிட்ட இருக்கு. கை சரி பண்ணக் குடுத்தது. நாளைக்குக் காலைல வேணும்ணா.”

யூதத் தெரு என்கிற ஜூ டவுனில் ஒரு கடையில் பில் போடுகிற வேலை. பிளஸ் டூ படித்தவள், தமிழும் மலையாளமும் கொஞ்சம் இந்தியும் பேசுவாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரம்மா நேரில் வரச் சொல்லியிருக்கிறார். “‘வ்ருத்தியாயிட்டு வரணம், கேட்டோ’ன்னு ரெண்டு தடவ சொன்னாங்கண்ணா, சுத்தமா வரணுமாம். இந்த நைட்டிய மனசுல வெச்சுச் சொன்னாங்களோ என்னமோ.” சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. சுக்குத் தூசி இருமல். நீ எத்தனை தடவை அவள் முதுகைத் தட்டிக் கொடுத்திருக்கிறாய். அந்தத் தூசியிலிருந்து வெளியே வர அவளுக்கு வந்த முதல் வழி இது.

“சாயங்காலம் வா, எடுத்து வைக்கிறேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னுடையது என்று நினைத்து நான் பூட்டி வைத்தது உன்னுடையது மட்டும் இல்லை. யார் யாரோ பிரித்துத் தைக்கக் கொடுத்த துணிகள் உள்ளே இருக்கின்றன. எது உன்னுடையது, எது மற்றவர்களுடையது என்று எனக்குத் தெரியாது. செல்வியுடையது கெட்டுப் போயிருந்தால் என்ன சொல்வேன்? உன்னுடையது கெட்டுப் போயிருந்தால்? ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவே இல்லை; அதன் பிறகு அந்தத் துணிகளை நான் தொட்டதும் இல்லை.

திருப்பூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் நீ என்னிடம் ரகசியமாகக் கேட்டாய்: “ஏங்க, இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒடம்பு சரியில்லையா? எப்பப் பார்த்தாலும் நைட்டியிலயே இருக்காங்க?” கொச்சி மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒரு விஷயமாகப் பட்டதே இல்லை. மீன் வாங்க, ரேஷன் வாங்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, எல்லாவற்றுக்கும் நைட்டியும் தோர்த்தும். நல்ல துணி கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக் பண்ணிய உன் கண்ணுக்கு முதலில் பட்டது தையல் இல்லை, அந்தப் பெண்களின் கை. “சாவியையும் சில்லறையையும் நெஞ்சுக்குள்ள சொருகிக்கிட்டு, கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாங்க பாருங்க” என்றாய். நைட்டிகளுக்குப் பாக்கெட் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாய். கொஞ்ச நாளில் தெருவில் பெண்கள் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, அதிகாரிகளைப் போல நின்று பேசினார்கள். நாம் இரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்தோம்.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை மாற்று வந்தது. போடாமல் கிடக்கிற துணியை ஆளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள். ஒருத்திக்கு இறுகியது இன்னொருத்திக்குச் சரியாக இருக்கும். நீ தோள் பார்த்து, கை பார்த்து, பிரித்துத் தைப்பாய். கிழிந்த சேலையின் முந்தானை துப்பட்டாவாகும். நூலுக்கு ஆகிற காசு மட்டும் வாங்குவாய். உன் சட்டம் ஒன்றுதான்: “மாத்துன துணிய விசேஷத்துக்குன்னு எடுத்து வெக்கக் கூடாது. நாளைக்கே ரேஷன் கடைக்குப் போட்டுட்டுப் போகணும். விசேஷத்துல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க.”

செல்வி முதல் தடவை குர்த்தி போட்டுக்கொண்டு போன நாள் ஞாபகம் இருக்கிறதா? தெரு வளைவு வரைக்கும்தான் போனாள். யாரோ, “எந்தா செல்வி, ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டதும் அப்படியே திரும்பி ஓடி வந்து நைட்டியை மாட்டிக்கொண்டாள். அன்று ரேஷன் வாங்கவில்லை. மறுநாள் நீ மறுபடி அனுப்பினாய். “யாரு கேட்டாலும் ‘சும்மா’ன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத.” அரிசியோடு திரும்பி வந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்: “அக்கா, எல்லார் கிட்டயும் சும்மான்னு சொல்லிட்டேன். கேக்காதவங்க கிட்டயும் சொல்லிட்டேன்.”

சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பே வந்துவிட்டார்கள். செல்வி, கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் மாமியார், பக்கத்து வீட்டு நபீசா இத்தா. உனக்கு வேலை குவியும்போதெல்லாம் உன் மெஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்துக் கொடுத்த அதே இத்தாதான். நான் சாவியை வைத்துக்கொண்டே நிற்பதைப் பார்த்துவிட்டு, “மோனே, இங்கு தா” என்று வாங்கி அவரே திறந்தார். வாசனை வந்து முகத்தில் அடித்தது. தலையில் போட்ட தட்டத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பூஞ்சையைப் பார்த்துக் கத்தினார். “படச்சோனே, முழுவன் பூப்பல்!”

பச்சை குர்த்தி கிடைத்தது. கையைச் சரிசெய்து முடித்துத்தான் வைத்திருந்தாய். ஆனால் முதுகு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். இத்தா வினிகர் தொட்டுத் தேய்த்தார், எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தார். புள்ளிகள் போகவில்லை. துணிதான் நனைந்து போனது. வெளியே மழை பெய்கிற பெய்யலுக்கு அது காலைக்குள் காயப்போவதும் இல்லை. செல்வி அதை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள்.

“சாரமில்லண்ணா, பரவால்ல. நைட்டிக்கு மேல சால்வை மாதிரி எதாவது போட்டுக்கிட்டுப் போறேன். இல்லாட்டி வேற எடம் பாத்துக்கலாம்.”

வேறு இடம் இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அடித்தட்டு வரைக்கும் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு இடத்தில் பூஞ்சை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே மாம்பழ மஞ்சள் குர்த்தி. கரூர் போர்வை ஒன்றை வெட்டி நீ தைத்துக்கொண்டது. ஜூ டவுனில் ஒரு வெளிநாட்டுக்காரி உன்னை நிறுத்தி எந்தக் கடை என்று கேட்டாளே, அது. கவரை உதறினேன். குட்டிக் குட்டி வெள்ளைப் பொட்டலங்கள் விழுந்தன. கம்ப்ரசர் பாகங்களோடு வருகிற, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்கள். என் டூல் பையிலிருந்து நீ பொறுக்கி எடுத்திருக்கிறாய். மழைக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கவரில் போட ஆரம்பித்து, முதல் ஒன்றோடு காய்ச்சலில் படுத்திருக்கிறாய். “ஊருக்கெல்லாம் குளுரு வெச்சுக் குடுக்கிறீங்க, நம்ம வீட்டு ஃபேன் மட்டும் கரகரங்குது” என்று என் வேலையைக் கிண்டல் செய்கிறவள், அந்த வேலையிலிருந்து இதை மட்டும் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய். அந்தத் துணியில் ஒரு புள்ளி இல்லை.

“இதப் போட்டுக்கோ, செல்வி” என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே பிடுங்கி உள்ளே வைத்துவிடலாம் போல இருந்தது.

செல்வியின் மாமியார் தலையை ஆட்டினார். “அதெப்படி தம்பி? நல்ல காரியத்துக்குப் போறவ, போய்ச் சேந்தவ துணிய...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னதில் எனக்கே பயம் இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வேலை கிடைக்காமல் போனால், உன் துணி மேல் பழி விழுமே.

இத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாமியாரிடம் கேட்டார். “நின்றெ மேலெ கிடக்கிற நைட்டி, அதின்றெ பாக்கெட் ஆரு வெச்சது?”

மாமியார் குனிந்து பார்த்தார். அவருடைய கை அந்தப் பாக்கெட்டுக்குள்தான் இருந்தது.

“அவ வெச்சது” என்றார்.

“எங்கில் அந்தப் பாக்கெட்ட அழிச்சுப் பிரிச்சு வை. வீட்டுக்குப் போறப்போ கையை நெஞ்சில வெச்சுட்டுப் போ.”

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெரிய வக்கீலு! சரி, போட்டுப் பாக்கட்டும்” என்றார்.

போட்டுப் பார்த்தால் பக்கங்களில் பிடித்தது. நீ ஒல்லி. இத்தா உள்பக்கம் திருப்பினார். இரண்டு விலாவிலும் நிறையத் துணி விட்டுத்தான் தைத்திருந்தாய். “பிரிச்சா மதி, அது போதும்” என்று பிளேடை எடுத்தார். அந்தத் தையல் உன் உடம்பின் அளவு. அது போனால் அந்த அளவு இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். “கொஞ்சம் இருங்க இத்தா” என்றேன். அவர் இருந்தார். அவசரப்படுத்தவில்லை. நான் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றேன். தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் உள்ளே பார்க்காமலே, “பிரிங்க” என்றேன். நூல் அறுபடுகிற சத்தம் அவ்வளவு மழையிலும் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது செல்வி உன் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தையலுக்குள் ஒளிந்திருந்த துணி வெயில் படாதது, சலவை தேயாதது. வெளுத்த மஞ்சளுக்கு இரண்டு பக்கமும் பளிச்சென்று ஒரு பட்டை, அக்குள் முதல் கீழ் வரைக்கும்.

“இது வேணும்னே வெச்ச டிசைன் மாதிரி இருக்குல்ல?” என்றாள் செல்வி, பயந்துகொண்டே.

“யாராச்சும் கேட்டா ஆமான்னு சொல்லு” என்றார் மாமியார்.

மறுநாள் காலையில் கிளம்பும் முன் என் வாசலுக்கு வந்து நின்றாள். “அண்ணா, அக்கா இருந்தா பாத்து எதாவது சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க.” நான் என்ன சொல்ல? எனக்குத் தெரிந்தது ஒரு மெஷினை ஓட்டிப் பார்ப்பதுதான். “கையத் தூக்கு” என்றேன். தூக்கினாள். “உக்காரு. எழுந்திரு. பில் போடற மாதிரி கைய நீட்டு. மேல் தட்டுல இருந்து ஒரு டப்பா எடு.” எல்லாம் செய்தாள். “எங்கயாவது பிடிக்குதா?” “இல்லண்ணா.” “அப்ப ஓகே. போலாம்.” அவள் சிரித்த சிரிப்பில் பாதி பயம் போயிருந்தது. எனக்குத்தான் வந்து சேர்ந்தது.

குடையோடு அவள் தெரு வளைவில் மறைந்ததும் உட்கார முடியவில்லை. எந்த ஆட்டோவாவது சேற்றை அடித்துவிடுமோ, இத்தா போட்ட தையல் விட்டுவிடுமோ, துணியில் பழைய வாசனை ஏதாவது வந்து அந்தக் கடைக்காரம்மா மூக்கைச் சுளிப்பாரோ. வைப்பின் தீவில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் வேலை இருந்தது, போகவில்லை. நீ போட்டில் ஏறி அக்கரைக்குப் போகிற நாட்களில் எல்லாம் இப்படித்தான் இருப்பேன், திரும்பி வந்ததும், “நான் என்ன கப்பலா, மூழ்கறதுக்கு?” என்பாய். உன் சாவுக்குப் பிறகு எனக்கு எதைப் பற்றியும் பயமே இல்லாமல் போயிருந்தது. எல்லாரும் அதைத் தைரியம் என்றார்கள். இனி நடக்க ஒன்றும் இல்லை என்பதுதான் அது. அன்று காலை நெஞ்சு படபடத்தபோதுதான், இன்னும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

மத்தியானத்துக்கு முன்னால் போன் வந்தது. “அண்ணா, வேலை கிட்டி! சிங்ஙம் மாசம் ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாங்க.” பின்னால் மழைச் சத்தம், யாரோ பேரம் பேசுகிற சத்தம். “வழியில மூணு பேரு கேட்டாங்க, எங்க போறேன்னு.”

“என்ன சொன்ன?”

“வேலைக்குன்னு சொன்னேன்.” பிறகு, “அண்ணா, வாரத்துல ஆறு நாளும் வரணுமாம். ஆறு நாளைக்கு நான் என்னத்தப் போட?” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இத்தா மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரவர் துணியைக் கண்டுபிடித்து, பூஞ்சையைக் கழுவி, போகாத இடத்தை வெட்டிவிட்டு, எதை எதோடு சேர்க்கலாம் என்று ஒரே சண்டை. நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். உன் மெஷின் ஓடியது. மிதிப்பது உன் கால் இல்லை என்று என் முதுகுக்குப் புரியவே வெகுநேரம் ஆனது. ஒருத்தி சாயா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “அண்ணன்றெ சட்டையிலயும் பட்டன் இல்ல, கழத்திக் குடுங்க” என்றாள். கழற்றிக் கொடுத்தேன்.

நான் மலையாளம்தான் நன்றாக எழுதுவேன். தமிழில் எழுதினால்தான் நீ படிப்பாய் என்பதால், தப்பும் தவறுமாகத் தமிழில் இதை எழுதுகிறேன்.

இப்போது பீரோவின் கதவு பாதி திறந்தே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன விசிறியை அடித்தட்டில் பொருத்தியிருக்கிறேன். இனி ஈரம் நிற்காது. அந்தக் காற்றில் உன்னுடையவையும் அவர்களுடையவையும் லேசாக அசைகின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், நீ உள்ளே எதையோ தேடிக்கொண்டு நிற்கிறாய் என்று நெஞ்சு திடுக்கிடுகிறது. ஒரு கணம்தான். விசிறியை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தவில்லை.