மூன்றாம் மாடிக் கழிப்பறை

மார்ச் 4
மறுபடியும் சிறுநீர் எரிச்சல், மறுபடியும் காய்ச்சல். தண்ணீர் குடிக்கிறேனா என்று டாக்டரம்மா கேட்டார். குடித்தால் போக வேண்டுமே, அதனால் குடிப்பதில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தடவ இப்படி வந்தா கிட்னி கெட்டுடும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க."

தேகு நகரத்திலேயே பெரிய பல்பொருள் கடை எங்களுடையது. நான் கோட்டு விற்கும் இடத்துக்கு நேரெதிரே கழிப்பறை. ஆனால் அது வாடிக்கையாளர்களுக்கு மட்டும். சீருடை போட்டவர்கள் பின்படியில் இறங்கி, தரைக்குக் கீழ்த்தளத்தில் வரிசையில் நிற்க வேண்டும். திரும்பி வருவதற்குள் இடத்தில் ஆளில்லை என்று புகார் போயிருக்கும்.

மார்ச் 5
மேலாளர் பியோவிடம் மருந்துச் சீட்டைக் காட்டினேன். "உங்க ஒருத்தருக்காக விதிய மாத்த முடியுமா? குடிக்கிறதக் குறைச்சுக்கோங்க." இதற்கு மேல் எதைக் குறைக்க, எச்சிலையா? எரியுது. உடம்பும் எரியுது, மனசும் எரியுது.

மார்ச் 9
சாப்பாட்டு அறையில் என் நோயைப் பற்றிப் போட்டு உடைத்துவிட்டேன். கையுறை விற்கும் உன்சில் கிம்ச்சி ஊறுகாயை மென்றுகொண்டே, "எனக்கும்தான் அக்கா, போன வருஷத்துலேர்ந்து" என்றாள். அப்புறம் பை விற்பவள். அப்புறம் செருப்பு விற்பவள். அட, எல்லோருக்குமா? நான்தான் நோஞ்சான் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மார்ச் 10
உன்சிலுக்கு ஒரு யோசனை. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

மார்ச் 17
சந்தோஷத்தில் எழுத்து கோணுகிறது. விடுமுறையை மாற்றி வாங்கிக்கொண்டு ஏழு பேர், நல்ல உடுப்பும் காதணியுமாக, வாடிக்கையாளர் போல, கடை திறந்ததுமே எங்கள் மாடிக்குப் போனோம். திறக்கும் நேரத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஊழியர்கள் வரிசையாக நின்று இடுப்பு வளைய வணங்க வேண்டும். முதல் ஆள் பியோ. குனிந்தவருக்கு எங்கள் செருப்புதானே தெரியும்.

"கழிப்பறை எங்க இருக்கு?" என்றேன்.

"இப்படி வாங்கம்மா." குனிந்தபடியே கையை நீட்டிக் கழிப்பறை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கும் வழி காட்டுங்க சார்" என்றாள் பின்னாலிருந்து உன்சில்.

"நாளைக்குச் சீருடையில வருவேன் சார். அப்பவும் இதே வயிறுதான். வழி காட்டுவீங்களா?" என்றேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அங்கே நின்ற நிஜ வாடிக்கையாளர் அம்மா ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். உன்சில் ஒன்றுவிடாமல் சொன்னாள். "இதுக்குக்கூடவா தடை? உங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லையா தம்பி?" என்றார் அவர். பியோ மறுபடியும் குனிந்தார். வேறென்ன செய்யத் தெரியும் பாவம்.

மார்ச் 18
வேலை போய்விடுமோ? தூக்கமே இல்லை.

மார்ச் 24
ஏழு பேரையும் மேலிடத்தில் கூப்பிட்டார்கள். நாங்கள் ஏறும்போது எங்கள் மாடிப் பெண்கள் எல்லோரும் விற்பனையை விட்டுவிட்டுப் படிக்கட்டில் வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே. மன்னிப்பெல்லாம் இல்லை. "இனிமே போய்க்கலாம்." அவ்வளவுதான். கீழே வந்து சொன்னபோது உன்சில் அழுதாள். நானும்தான்.

ஏப்ரல் 15
கிருமி இல்லை என்றார் டாக்டரம்மா. நேராக வேலைக்குப் போனேன்.

மத்தியானம் சீருடையோடு எதிர்க் கழிப்பறையில் கை கழுவும்போது, பக்கத்தில் நின்றவர், "நீங்களும் இங்கதான் வருவீங்களா?" என்றார். "வருவேம்மா" என்றேன். சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

என் இடத்துக்குத் திரும்பி, எல்லோரும் பார்க்கும்படி பார்லி டீ பாட்டிலைத் திறந்தேன். பியோவும் பார்த்தார். முழுவதையும் குடித்தேன்.