உன் பெயருக்கு மேல் என் மூக்கு

மச்சான்,

முள்ளியவளைச் சந்தியில் புதுப் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறது. சீமெந்தில் ஒரு விமானம். அதன் கீழே இரண்டு ஆட்கள். 'எம்மூர் வானோடி முன்னோடிகள்' என்று எழுதியிருக்கிறது. ஒருவர் கொழும்பில் விமானம் ஓட்டப் படித்த டாக்குத்தரின் மகன். மற்றது நீ.

பெயர்தான் உன்னுடையது. முகம் என்னுடையது.

சிரிக்காதே. டாக்குத்தர் வீட்டில் படம் கொடுத்தார்கள். உனக்கு ஏது படம்? "படம் பிடிச்சால் ஆயுள் குறையுமடா" என்று உன் கலியாணத்திலேயே கமராவைக் கண்டு வாழைக்குப் பின்னால் ஒளித்தவன் நீ. அப்படிக் காத்த ஆயுளை ஒரு காய்ச்சல் கொண்டுபோனது. ஆகவே, வாயுள்ளவன் என்று என்னைச் சிற்பியிடம் அனுப்பினார்கள். நெற்றி இப்படி, தாடை இப்படி என்று என் முகத்திலேயே தொட்டுத் தொட்டு விளக்கினேன். அந்த மனுசன் நான் சொன்னதைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்தார். துணியை விலக்கினால், ஊரே நக்கலடிக்கும் என் மூக்கு!

"ஐயா, இது அவனில்லை."

"சீமெந்து இறுகிப்போச்சுத் தம்பி."

வவுனியா விமானத்திடலில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன பரசூட் துணியை மூங்கிலில் கட்டி, குளக்கட்டிலிருந்து பாய்ந்தாயே, "பறக்கிறன்ரா!" என்று கத்திக்கொண்டு. எருமைகளுக்கு மேலால் போய்ச் சேற்றில் குப்புற விழுந்தாய். எழும்பிச் சிரித்தாய். அந்தச் சேறு அப்பிய முகம்தான் ஞாபகம் வருகிறது. சேற்றைத் துடைத்துப் பார்க்கிறேன். உள்ளே நான் நிற்கிறேன்.

திறப்பு விழாவுக்கு உன் மனைவி மகளோடு வந்தாள். சிலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தங்கச்சி, இடிச்சுத் திருப்பிக் கட்டச் சொல்லட்டோ?"

"வேண்டாம் அண்ணை. இவள் கைக்குழந்தையா இருக்கேக்கை போனவர். இப்பதான் பிள்ளைக்கு ஒரு முகம் கிடைச்சிருக்கு."

பள்ளிக்கூடம் போகும் வழியில் உன் மகள் அதன் காலடியில் பூ வைக்கிறாள். உயிரோடு இருக்கும் எனக்குப் பூ! என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். நேற்றுச் சைக்கிளில் போன என்னைப் பிள்ளை மறித்தாள்.

"மாமா, உங்களிலை அப்பான்ரை சாயல் இருக்கு. மீசையை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ, என்ன?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

உனக்கு மீசையே இருந்ததில்லை, மச்சான். அது இனி எனக்கும் அவளின் தாய்க்கும் மட்டும்தான் தெரியும்.