இருட்டில் பேசிய வசனம்

பாரிஸ், 9 மார்ச் 1967

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? எனக்கு இருமல்கூட விட்டுவிட்டது.

மத்தி மீன் ஆலையில் நீங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் இயக்கிய முதல் படம் நேற்று திரைக்கு வந்தது. "இந்த மீன் நாத்தத்தை எவன் வந்து பாப்பான்?" என்று என்னை விரட்டிய தயாரிப்பாளர் லெஸ்கூரும் வந்திருந்தார்.

பயப்படாதீர்கள், பாதியில் ஒலி மட்டும் நின்றுபோனது. நான் எழுந்து, இருட்டிலேயே எல்லோருடைய வசனத்தையும் உரக்கப் பேசினேன். உங்கள் பாத்திரம் பேசும்போது உங்கள் குரலே எனக்கு வந்தது. ஒருவரும் வெளியே போகவில்லை. முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"அடுத்த படம் எனக்குத்தாம்மா" என்றார் லெஸ்கூர்.

"வரிசையில நில்லுங்க ஐயா, உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க" என்றேன்.

உப்பு வெண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் பழைய சால்வையையும் அனுப்புங்கள்; துவைக்க வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் கதவைத் தட்டுகிறார்கள், ஓடுகிறேன்.

முத்தங்களுடன்,
உங்கள் சோலேன்