தென்னையையும் சேர்த்துக் கொடுத்த வாக்கு

பாசமுள்ள மாமாவுக்கு,

நான் சுகம்தான், கோபத்தைத் தவிர. ஐந்தாவது படித்தவளுக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிரிக்காதீர்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடப் போகிற வயசாளிகள் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டதைக் குறை சொல்லவில்லை. உங்கள் முழங்கால் போயிற்று. களையெடுக்க வந்த பெண்களை விடிந்ததும் பனியன் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போயிற்று. வேறென்ன செய்வீர்கள்? ஆனால் வெற்றிலை பாக்கு மாற்றும்போது, குத்தகைக்கு எடுத்த மாரப்பண்ணனிடம், "தென்னை, முருங்கை, கெணத்துமேடு எல்லாமே நீங்களே வெச்சுக்குங்க மச்சான்" என்று பெருமைக்குச் சொன்னீர்களே! நான் உள்ளேதான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

குத்தகைப் பணம் சித்திரையில் ஒருமுறை வருகிறது. பசி அப்படியா வருகிறது? முன்பெல்லாம் கடையில் வாங்கியது உப்பும் சீமெண்ணெயும்தான். இப்போது அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்குக்கூடக் காசு. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் எருமையை விற்றேன். அதனால் பாலும் பாக்கெட்டில்தான். ஐப்பசி வருவதற்குள் கை காலி.

போன வாரம் கடைக்காரர் தேங்காயைத் தட்டிக் காட்டி, "நல்ல காய் சாமி. உங்க தோட்டத்துதானுங்க" என்றார்.

"அப்பறம் ஏனுங்க என்கிட்டயே காசு கேக்கறீங்க?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா.

அருள்புரத்தில் இருக்கும் உங்கள் மகனிடம் சொன்னால், "ஏம்மா, ஒரு தேங்காய்க்கு இத்தனை டென்ஷனா? ஊட்டுக்கு வந்துரு, எல்லாம் வாங்கிப் போட்டர்றேன்" என்கிறான். பேரன் பேத்திக்கு மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பிய கை இது. நீட்டப் பழகவில்லை.

நேற்று மாரப்பண்ணன் குத்தகையைப் புதுப்பிக்க வெற்றிலை பாக்கோடு வந்தார். "பணத்தைக் கொறைச்சே குடுங்க. தென்னையும் கெணத்துமேடும் எனக்கு வேணுங்க" என்றேன்.

"மச்சான் வாக்குக் குடுத்துட்டுப் போனாருங்க அம்மிணி."

"குடுத்தவருக்கு இப்ப சோறு வேண்டியதில்லீங்கண்ணா. எனக்கு வேணுமே?"

"ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க" என்று கொண்டுவந்த வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் விட்டுவிட்டால் இந்தப் பக்கத்தில் பாடுபட வேறு ஆள் ஏது? நிலம் சும்மா கிடக்கும். வரும் பணமும் நின்றுபோகும். இரவெல்லாம் அதுதான் நினைப்பு. உங்கள் வாக்கை நான் மீறலாமா என்றும் நினைத்தேன்.

மீறுகிறேன். அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்தக் கிணற்றுமேட்டில் இந்த ஆடிக்கு அவரைக்கொடியும் கத்தரிச்செடியும் என் கையால் நடுவேன். கோபம் இருந்தால் கனவில் வந்து திட்டுங்கள். பதில் வைத்திருக்கிறேன்.

சண்டை இன்னும் தீராத,
உங்கள் மாமன் மகள்
பாப்பாத்தி